அட்மிரல் காலமானார்

பத்திரிகை அச்சுக்குப் போக ஐம்பத்தொரு மணிநேரம் இருந்தது. அதற்குள் அட்மிரலின் உடம்பில் எதையாவது மாற்றிவிட வேண்டும்.

ஷாமிலா சோதனைக் குழாய்களுக்கு லேபல் ஒட்டியபடி யோசித்தாள். மூக்கை மாற்ற முடியாது. அது கப்பலின் முன்முனையைப் போல நீண்டிருந்தது என்று மூன்றாம் அத்தியாயத்திலேயே எழுதியாகிவிட்டது. உயரத்தையும் மாற்ற முடியாது. பதினொரு கிழமையாக ஆறடி இருந்த மனிதர் பன்னிரண்டாம் கிழமை ஐந்தரை அடியாவதற்கு அவள் படித்த விஞ்ஞானத்தில் இடமில்லை.

அவள் படித்தது இரசாயனம். வேலை, ஸ்காபரோவில் ஒரு தண்ணீர்ப் பரிசோதனைக் கூடத்தில். இரண்டு வருடங்களில் அங்கே நடந்த கூட்டங்களில் இரண்டு தடவை வாய் திறந்திருக்கிறாள். ஒன்று, ஜன்னலைப் பூட்டவா என்று கேட்டது. மற்றது, பூட்டிவிட்டேன் என்று சொன்னது.

ஆனால் வெள்ளிக்கிழமைதோறும் தமிழ்க் கடைகளின் வாசலில் இலவசமாகக் குவிந்துகிடக்கும் பத்திரிகையில், 'கொடிக்கப்பல்' என்ற தொடர்கதையை எழுதும் 'நங்கூரன்' அவள்தான். இது அவளுக்கும் பத்திரிகை ஆசிரியர் மகேஸ்வரனுக்கும் மட்டுமே தெரியும். வாசகர்கள் நங்கூரனுக்கு அறுபது வயதும் வெள்ளை மீசையும் கொடுத்திருந்தார்கள்.

கதை 1797இல் நடக்கிறது. திருகோணமலைத் துறைமுகத்தில் நிற்கும் பாய்க்கப்பல்களுக்கெல்லாம் தலைவர் அட்மிரல் கிறிம்ஷோ. அவர் கத்துவதில்லை. கசையடி கொடுப்பதில்லை. ஒருநாள் இராப்போசனத்தின்போது இளம் லெப்டினன்ட் ஆஷ், பக்கத்துக் கப்பலில் தான் குடித்த சூப் மிகவும் அருமை என்று வாய்தவறிச் சொல்லிவிடுகிறான். அட்மிரல் சிரிக்கிறார். "அப்படியா? நல்லது" என்கிறார்.

அவ்வளவுதான். அடுத்த நாளே ஆஷின் படுக்கை கோழிக்கூடுகளுக்குப் பக்கத்துக்கு மாறுகிறது. அவனுக்கு வரும் சூப் மட்டும் ஆறிப்போய் வருகிறது. அவனுடைய சீருடைக்கு என்று கிழக்கிந்தியாவிலேயே இல்லாத ஒரு சேற்றுநிறத் துணி வந்து சேருகிறது. ஏன் என்று கேட்டால், எல்லாம் உன் நன்மைக்குத்தான் என்கிறார் அட்மிரல், அன்போடு.

இந்தக் கதையால் ஒருவருக்கும் ஒரு தீங்கும் வந்திருக்காது, அன்று மதியம் அண்ணன் றோய் தொலைபேசியில் அழைக்காவிட்டால்.

"ஷாமி, நீ அந்தக் 'கொடிக்கப்பல்' வாசிக்கிறனியே?"

"சிலவேளை."

"அதிலை வாற அட்மிரல் ஸ்டெபனியின்ட அப்பாவாம். ஊரெல்லாம் கதை."

ஷாமிலாவின் கையிலிருந்த சான்ட்விச் பாதியில் நின்றது. ஸ்டெபனி றோயின் வருங்கால மனைவி. கலியாணத்துக்கு ஆறு கிழமை இருந்தது. அவளுடைய அப்பா சூசைதாசன் இருபத்திரண்டு வருடம் சரக்குக் கப்பல்களில் எஞ்சினியராக இருந்தவர். இப்போது ஒஷாவாவில் வீடு, இரண்டு வீட்டாரும் போகும் கத்தோலிக்கக் கோயிலில் பங்குச்சபைத் தலைவர். அவருடைய பேச்சின் நடுவே நித்திரையாகிப்போன ஒருவருக்கு, தொடர்ந்து மூன்று பெருநாட்களில் கார் நிறுத்துமிடத்தில் கொடி பிடிக்கும் வேலை கிடைத்தது.

"அவர் என்ன சொல்லுறார்?" என்று கேட்டாள்.

"எழுதினவனைக் கண்டுபிடிச்சால் தோலை உரிப்பாராம். எங்கட சொந்தத்துக்கை ஆரும் எண்டு தெரிஞ்சால் கலியாணமே இல்லையாம். நான் சொன்னன், அங்கிள், அதுக்கு எங்கட வீட்டிலை ஆருக்கும் எழுதவராது எண்டு. நீ ஒரு ஈமெயிலுக்கே ரெண்டு நாள் யோசிப்பாய்."

றோய் சிரித்தான். ஷாமிலாவும் சிரித்தாள். அவளுடைய சிரிப்பு கொஞ்சம் பிந்தி வந்தது.

அட்மிரல் சூசைதாசன் அல்ல. அவள் இந்தக் கதையைத் தொடங்கும்போது சூசைதாசனோடு ஒரே ஒரு தடவைதான் பேசியிருந்தாள், பெண் பார்க்கப் போன அன்று. அட்மிரலுக்கு நிஜத்தில் ஓர் ஆள் இருந்தது உண்மைதான். அது யார் என்பதை அவள் ஒருவருக்கும் சொல்லவில்லை. சொல்லவும் முடியாது.

அட்மிரலுக்கும் சூசைதாசனுக்கும் ஒரு வித்தியாசம் வேண்டும். கண்ணுக்குத் தெரிகிற வித்தியாசம். ஷாமிலா கடைசிக் குழாயின் லேபலை ஒட்டி முடித்தபோது விடை கிடைத்துவிட்டது. சூசைதாசன் கோயிலில் ராணுவ நடை நடப்பவர். ஆகவே அட்மிரலுக்குக் கால் போகவேண்டும்.

அன்று மாலை வீட்டில் கணினியைத் திறந்தாள். அவளுடைய அறை இப்போது உடுப்பு உலர்த்தும் இயந்திரத்துக்குப் பக்கத்திலிருந்த சின்ன அறை. பிரான்ஸிலிருந்து வரும் உறவினருக்காகப் பழைய அறையை அம்மா ஒதுக்கிவிட்டார். உறவினர் வர இன்னும் ஒரு மாதத்துக்கு மேல் இருந்தது. கலியாண வீடென்றால் அப்படித்தான்.

அம்மா தேநீர் கொண்டுவந்து வைத்தார். கிளடிஸ் என்றால் கோயிலில் எல்லோரும், தங்கமான மனுசி, கோழிக்குஞ்சைக்கூட அதட்டமாட்டா என்பார்கள்.

"அம்மா, இதுக்குச் சீனி போட மறந்திட்டீங்கள்."

"மறக்கேல்லை. சீனி உடம்புக்குக் கூடாது பிள்ளை."

"றோய் அண்ணாவுக்கு மூண்டு கரண்டி போட்டீங்களே?"

"அவன் மாப்பிள்ளை. என்ன எழுதுறாய்?"

"வேலை அம்மா. ரிப்போர்ட்."

"எழுது, எழுது" என்று சொல்லிவிட்டு அம்மா கதவைப் பூட்டாமல் போனார். உலர்த்தும் இயந்திரம் அரைமணிநேரம் அதிர்ந்தது.

பன்னிரண்டாம் அத்தியாயத்தில் பீரங்கிக் குண்டு கப்பலின் பக்கப்பலகையைப் பிளந்தது. மரச்சிராய் ஒன்று அட்மிரலின் இடது முழங்காலில் ஏறியது. அதன் பிறகு அவர் தடி ஊன்றி, தளத்தில் டக், டக் என்று நடந்தார். ஆஷைக் கூப்பிட்டு, வலி குறையும்வரை அந்தத் தடியை ஒவ்வொரு மணிநேரமும் மெருகேற்றிக்கொண்டிரு என்றார்.

புதன்கிழமை பத்திரிகை அச்சாகியது. வியாழக்கிழமை ரொறன்ரோவில் பனி கொட்டியது. ஒஷாவாவில் சூசைதாசன் தன் வீட்டு முற்றத்துப் பனியைச் சுரண்டப் போய்ச் சறுக்கி விழுந்தார்.

இடது முழங்கால்.

ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்கு அவர் தடி ஊன்றி வந்தார். கோயிலின் நடுப்பாதையில் டக், டக் என்று சத்தம் கேட்டது. ஒவ்வொரு நீள வாங்கிலும் உட்கார்ந்திருந்த ஆட்கள் குனிந்துகொண்டார்கள். சிலருடைய தோள்கள் குலுங்கின.

"நங்கூரனுக்கு எப்பிடித் தெரியும்?" றோய் இரவுச் சாப்பாட்டில் கேட்டான். "அவர் விழுந்தது வியாழக்கிழமை. பேப்பர் அடிச்சது புதன்கிழமை. அவன் மனுசனோ, பேயோ?"

"கடவுளின்ட வேலை" என்றார் அம்மா. றோயின் தட்டில் இன்னொரு மீன்பொரியலை வைத்தார். ஷாமிலாவுக்குப் போஞ்சிக்காய் வைத்தார்.

"அங்கிள் சொல்லுறார், தன்ட வீட்டைச் சுத்தி ஆள் விட்டு வேவு பாக்கிறாங்களாம். கமெரா பூட்டப்போறாராம்."

ஷாமிலா போஞ்சிக்காயை மென்றாள். பிழை எங்கே என்று அவளுக்கு விளங்கியது. உடம்பைத் தொட்டிருக்கக்கூடாது. குணத்தைத் தொட்டிருக்க வேண்டும். பழிவாங்குவதற்காகவே பிறந்த மனிதர் ஒரு நல்ல காரியம் செய்துவிட்டால், அவரைச் சூசைதாசன் என்று யாரும் சொல்லமாட்டார்கள்.

பதின்மூன்றாம் அத்தியாயத்தில் அட்மிரல் கிறிம்ஷோ, துறைமுகத்திலிருந்த மாலுமிகளின் சிற்றாலயத்துக்கு ஒரு வெண்கல மணியை நன்கொடையாகக் கொடுத்தார். யாருக்கும் சொல்லாமல் கொடுத்தார். ஆஷ்தான் அதை மலைமேல் சுமந்துபோகவேண்டும் என்றாலும், நன்கொடை நன்கொடைதானே.

வெள்ளிக்கிழமை பத்திரிகை வந்தது. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிவில் பாதிரியார் ஒலிவாங்கியைப் பிடித்தார்.

"எங்களுடைய ஆலயத்துக்கு ஒரு மணி தர ஒருவர் முன்வந்திருப்பதாகப் பலர் என்னிடம் சொன்னார்கள். பெயரைச் சொல்ல அவர் விரும்பமாட்டார். அவர் அப்படிப்பட்டவர். ஆனால் எல்லோருக்கும் அவரைத் தெரியும்."

சபை எழுந்து நின்று முன்வரிசையைப் பார்த்துக் கைதட்டியது. சூசைதாசன் எழுந்தார். அவருக்கு வேறு வழி இருக்கவில்லை. கைகூப்பினார். உட்காரும்போது அவர் முகம் வெண்கலத்தின் நிறத்தில் இருந்ததாக றோய் சொன்னான்.

அன்று பின்னேரம் மகேஸ்வரன் ஷாமிலாவை அழைத்தார். அவர் விமானநிலைய டாக்ஸி ஓட்டிக்கொண்டே, தனி ஆளாகப் பத்திரிகை நடத்துபவர்.

"பிள்ளை, நல்லா எழுதுறீர். கடைகளிலை சனிக்கிழமையே பேப்பர் முடியுது. மீன் சுத்தக்கூட ஒண்டு மிஞ்சுதில்லை எண்டு கடைக்காரர் குறை சொல்லுறார்."

"நன்றி அங்கிள்."

"ஆனால் இப்ப சூசை அண்ணை போன் எடுத்தவர். ஆர் எழுதுறது எண்டு கேட்டார். நான் சொல்லேல்லை. என்ட தொழில் மரியாதை. உடனை சொல்லுறார், இனிக் கோயில் வாசலிலை உன்ட பேப்பர் இருக்காது எண்டு. மணியும் நான்தான் வாங்கிக் குடுக்கவேணுமாம்."

"நான் என்ன செய்யிறது அங்கிள்?"

"ஆளை முடிச்சுவிடும்."

"ஆரை?"

"அட்மிரலைத்தான் பிள்ளை. சூசை அண்ணையைச் சொல்லுவனே?"

ஷாமிலா யோசித்துப் பார்த்தாள். அவர் சொன்னதில் ஒரு ஒழுங்கு இருந்தது. ஒரு கருதுகோளை முறியடிக்க ஒரே ஒரு மாறான சான்று போதும். அட்மிரல் செத்து, சூசைதாசன் உயிரோடு இருந்தால், இருவரும் ஒருவர் அல்ல. இதைவிடச் சுத்தமான நிரூபணம் கிடையாது. இதை முதலாம் கிழமையே செய்திருக்க வேண்டும்.

பதினான்காம் அத்தியாயத்தை அவள் புதுமையாக எழுத விரும்பினாள். போர் இல்லை, புயல் இல்லை. நம்முடைய ஆட்களின் வழக்கப்படி ஒரு மரண அறிவித்தல். அவ்வளவுதான் அத்தியாயம்.

'கடலோரக் கிராமம் ஒன்றைப் பிறப்பிடமாகவும், கொடிக்கப்பலை வதிவிடமாகவும் கொண்டவரும், எல்லோராலும் அட்மிரல் என அழைக்கப்பட்டவருமான பெருமகனார் செவ்வாய்க்கிழமை அதிகாலை காலமானார். அன்னார் ஒருவரையும் மறக்காதவரும், ஒன்றையும் மன்னிக்காதவரும் ஆவார். இவ்வறிவித்தலை உற்றார், உறவினர், மாலுமிகள் அனைவரும் ஏற்றுக்கொள்ளுமாறு கேட்டுக்கொள்கின்றோம்.'

அனுப்பிவிட்டு, அன்று நிம்மதியாக நித்திரை கொண்டாள். உலர்த்தும் இயந்திரத்தின் அதிர்வுகூட அவளுக்குத் தாலாட்டாக இருந்தது.

மகேஸ்வரனின் பத்திரிகை உயிர்வாழ்வது மரண அறிவித்தல்களால். 'பிறப்பிடமாகவும்' என்ற சொல்லைக் கண்டால் அவருடைய கை தானாகவே கறுப்புக் கட்டம் போட்டு, மூலையில் ஒரு மெழுகுதிரிப் படம் வைத்து, மூன்றாம் பக்கத்தில் சேர்த்துவிடும். அந்தப் புதன்கிழமை அவர் இரண்டு விமானங்களுக்கு ஆள் ஏற்றிவிட்டு வந்திருந்தார். கை தன் வேலையைச் செய்தது. பிறகு கதையைத் தேடிப் பார்த்தார். கிடைக்கவில்லை. ஏழாம் பக்கத்தில், 'இக்கிழமை கொடிக்கப்பல் இடம்பெறவில்லை' என்று ஒரு வரி போட்டார்.

அந்தப் பத்திரிகையை முழுதாக வாசிப்பவர்கள் குறைவு. ஒருவர் வாசித்துவிட்டு எட்டுப் பேருக்குத் தொலைபேசி எடுப்பார்.

ஞாயிற்றுக்கிழமை ஷாமிலாவும் றோயும் அம்மாவும் ஒஷாவாவுக்குப் போனார்கள். கலியாண மண்டபத்தில் யார் எந்த மேசையில் இருப்பது என்று இரண்டு வீட்டாரும் பேசி முடிப்பதற்கு. முழங்கால் நோவினால் சூசைதாசன் அன்று பூசைக்குப் போகவில்லை. மணி விவகாரத்துக்குப் பிறகு பத்திரிகையைத் தொடுவதுமில்லை என்று சபதம் எடுத்திருந்தார். இடுப்பில் சாரத்தோடு சாய்கதிரையில் இருந்தார்.

அவர் மனைவி றெஜினா வடையும் தேநீரும் கொண்டுவந்தார். "ஷாமி, வடிவாச் சாப்பிடும். அண்டைக்கு முதல்முதல் வந்து என்ட நண்டுக்கறியைச் சாப்பிட்டிட்டு, இப்பிடி ஒரு கறி வாழ்க்கையிலை சாப்பிட்டதில்லை எண்டு சொன்ன பிள்ளை. நான் இண்டைக்கும் மறக்கேல்லை."

"நானும் மறக்கேல்லை" என்றார் அம்மா, சிரித்தபடி.

மேசைப் பேச்சு தொடங்கியது.

"எங்கட வின்சென்ட் அண்ணையை ஆறாம் மேசையிலை போடுங்கோ" என்றார் அம்மா. "ஸ்பீக்கருக்குப் பக்கத்திலை."

"அம்மா, அவருக்குக் காது நல்லாக் கேக்கும்" என்றான் றோய்.

"நல்லாக் கேக்குமெண்டால் பாட்டை நல்லா ரசிப்பார்."

அப்போது கதவுமணி அடித்தது. சூசைதாசன் தடியை ஊன்றிப் போய்த் திறந்தார்.

வாசலில் ஒரு தம்பதி நின்றார்கள். கறுப்புக் கோட். மனைவியின் கையில் ஒரு பெரிய தட்டு, வெள்ளித்தாளால் மூடியது. இடியப்ப வாசம் வந்தது. கணவர் சூசைதாசனின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். அவருடைய கண்ணாடியில் குளிரால் ஆவி படிந்திருந்தது.

"என்ன இது, இப்பிடித் திடீரெண்டு? போன ஞாயிறும் கண்டனாங்கள். கைகூப்பிக்கொண்டு நிண்டார்."

"ஆர்?"

"அண்ணை."

"எந்த அண்ணை?"

அந்த மனிதர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு அவரை உற்றுப் பார்த்தார். "நீங்கள் தம்பியே? அண்ணையை அப்பிடியே உரிச்சு வைச்சிருக்கு. எப்ப வந்தனீங்கள், லண்டனிலையிருந்தோ?"

"டேய், நான்தான்ரா சூசை!"

மனைவி கணவரின் காதில் சொன்னாள்: "அதிர்ச்சியிலை கதைக்கிறார். உள்ளை போவம்."

அவர்கள் உள்ளே வந்து சப்பாத்தைக் கழற்றுவதற்குள் அடுத்த கார் வந்து நின்றது. அதற்குப் பின்னால் இன்னும் இரண்டு. ஸ்காபரோவிலிருந்து ஒஷாவாவுக்கு அந்தப் பனியில் யாரும் சும்மா ஓடிவரமாட்டார்கள். மரணத்துக்கு வருவார்கள். சொதி வந்தது. சம்பல் வந்தது. இன்னும் இரண்டு தட்டு இடியப்பம் வந்தது. றெஜினா எதுவும் விளங்காமல் எல்லாவற்றையும் வாங்கி வாங்கிச் சமையலறையில் அடுக்கினார். ஒரு அம்மா அவரைக் கட்டிப்பிடித்து, "தைரியமா இரும், றெஜினா" என்று அழுதார். காரணம் தெரியாமலே றெஜினாவும் அழத் தொடங்கினார்.

வரவேற்பறையில் யாரோ செபமாலையைத் தொடங்கிவிட்டார்கள்.

"நான் சாகேல்லை!" என்று சூசைதாசன் கத்தினார்.

"அருள் நிறைந்த மரியே" என்றது அறை.

"நிப்பாட்டுங்கோ! சாரத்தோட நிக்கிறன், தெரியேல்லையே?"

செபமாலை மெதுவாக நின்றது. இருபது பேர் அவரைப் பார்த்தார்கள். சிலர் முகத்தில் ஆறுதல் தெரிந்தது. சிலர் முகத்தில், வந்த தூரத்தை நினைத்தோ என்னவோ, கொஞ்சம் ஏமாற்றமும் தெரிந்தது.

கண்ணாடிக்காரர் கோட்டுப் பையிலிருந்து பத்திரிகையை எடுத்து நீட்டினார். "அண்ணை, இதிலை போட்டிருக்கு. அட்மிரல் காலமானார் எண்டு."

சூசைதாசன் மூன்றாம் பக்கத்தை வாசித்தார். ஒருதடவை மனதுக்குள். ஒருதடவை சத்தமாக. 'ஒன்றையும் மன்னிக்காதவரும் ஆவார்' என்ற இடத்தில் அவருடைய குரல் உடைந்தது.

பிறகு அறையைச் சுற்றிப் பார்த்தார். ஒவ்வொரு முகமாகப் பார்த்தார்.

"செயலாளர் வரேல்லை" என்றார். "பாடகர் குழுவிலை ஒருத்தரும் வரேல்லை. என்ட சாவுக்கு வராத ஆக்களை எனக்கு இப்ப தெரியும். அதை நான் பிறகு பாக்கிறன்."

தடியால் தரையில் ஒரு தட்டுத் தட்டினார்.

"இப்ப இதைக் கேளுங்கோ. என்னைப் பகிடி பண்ணினாங்கள், பொறுத்தன். என்ட காலை முறிச்சாங்கள், பொறுத்தன். மணி வாங்க வைச்சாங்கள். இப்ப சாகடிச்சுப்போட்டாங்கள். செத்தவன் வீட்டிலை கலியாணம் நடக்காது. றோய் தம்பி, மண்டபத்துக்குப் போன் அடிச்சு வேண்டாமெண்டு சொல்லும்."

"அங்கிள்!" என்றான் றோய்.

"டாட், ஆர் யூ சீரியஸ்?" என்றாள் மாடிப்படியில் நின்ற ஸ்டெபனி.

றோயின் முகம் வெளுத்துப்போனதை ஷாமிலா பார்த்தாள். சின்ன வயதில் பள்ளிக்கூட பஸ்ஸைத் தவறவிட்டபோது அவன் முகம் அப்படித்தான் இருந்தது. அவளுடைய நெஞ்சு உலர்த்தும் இயந்திரம் போல அடித்தது. அவள் எழுந்தாள். ஜன்னல் ஒன்றும் திறந்திருக்கவில்லை. ஆகவே வேறு எதையாவதுதான் சொல்லவேண்டும்.

"நான்தான் நங்கூரன்" என்றாள்.

ஒருவருக்கும் கேட்கவில்லை.

"அங்கிள், நான்தான் நங்கூரன்!"

இருபது தலைகள் திரும்பின. யாரோ, "மீசை எங்க?" என்றார்.

"நீயா?" றோய் வாயைப் பிளந்தான். "ஈமெயில் எழுத ரெண்டு நாள் எடுக்கிற நீயா?"

"அது இங்கிலிஷ் ஈமெயில் அண்ணா."

சூசைதாசன் சாய்கதிரையில் மெதுவாக உட்கார்ந்தார். "பிள்ளை, நான் உமக்கு என்ன செய்தனான்?"

"ஒண்டுமில்லை அங்கிள். அது நீங்களில்லை. சத்தியமா இல்லை. நான் எழுதத் தொடங்கேக்கை உங்களை எனக்கு வடிவாத் தெரியாது. முழங்கால், மணி எல்லாம் உங்களைப் போல இருக்கக்கூடாது எண்டுதான் எழுதினனான்."

"அப்ப ஆர்? சும்மா கற்பனையிலை இப்பிடி ஒரு ஆள் வராது. நான் இருவத்திரண்டு வருசம் கப்பலிலை இருந்தனான். இவ்வளவு நுணுக்கமாப் பழிவாங்கிற ஒரு கப்டனை நானே காணேல்லை. உண்மையிலை ஒரு ஆள் இருக்கு. இருக்கோ இல்லையோ?"

"இருக்கு" என்றாள் ஷாமிலா, மிகவும் சின்னக் குரலில்.

"சொல்லும். இவ்வளவு சனத்துக்கு முன்னாலை சொல்லும். அது நான் இல்லை எண்டு எல்லாருக்கும் தெரிஞ்சால் கலியாணம் நடக்கும். இல்லாட்டி இடியப்பத்தைச் சாப்பிட்டிட்டு எல்லாரும் போகலாம்."

ஷாமிலா மேசையிலிருந்த வடைத் தட்டை நேராக்கி வைத்தாள். 

"உன்ட மனேஜரே?" என்று றோய் உதவிக்கு வந்தான். "அந்தத் தொப்பி போட்ட மனுசன்?"

ஆம் என்று சொன்னால் முடிந்துவிடும். பாவம், அந்த மனேஜர் ஒஷாவாவுக்கு வந்து மறுக்கப்போவதில்லை. ஆனால் அவர் கிறிஸ்மஸுக்கு அவளுக்கு ஒரு பூச்செடி கொடுத்தவர். ஷாமிலா தலையை இல்லையென்று ஆட்டிவிட்டாள்.

"சரி, வேற மாதிரிக் கேக்கிறன்" என்றார் சூசைதாசன். "நான் எண்டு முதல்முதல் சொன்னது ஆர்? அந்த ஆளுக்கு எல்லாம் தெரிஞ்சிருக்கும். றோய், உமக்கு ஆர் சொன்னது?"

"ஸ்டெபனி."

"ஸ்டெபனி?"

"மம்மிதான் சொன்னவ. ஐ ஸ்வேர்."

"றெஜினா! நீயே?"

றெஜினா சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்தார். "எனக்கு என்னப்பா தெரியும்? பூசை முடிஞ்சு கோப்பி குடிக்கேக்கை கிளடிஸ் வந்து சொன்னவ. உங்கட சூசை அண்ணையை அப்பிடியே எழுதியிருக்கிறாங்கள் எண்டு. அதுக்கு முதல் ஒருத்தருக்கும் அந்த நினைப்பே வரேல்லை."

அறை முழுவதும் அம்மாவைப் பார்த்தது. இடியப்பத் தட்டோடு வாசலில் அப்போதுதான் நுழைந்த ஒருவரும், எதற்கென்று தெரியாமலே, அவரைப் பார்த்தார்.

"கிளடிஸ் தங்கச்சி, நீங்களே?" சூசைதாசனால் நம்ப முடியவில்லை. "கோழிக்குஞ்சைக்கூட அதட்டமாட்டியளே. நீங்களே என்ட பேரைச் சொன்னது?"

அம்மா றோயைப் பார்த்தார். அவனுடைய வெளுத்த முகத்தைக் கொஞ்சநேரம் பார்த்தார். பிறகு ஷாமிலாவைப் பார்த்தார். சேலையின் மடிப்பை நீவிவிட்டு, எப்போதும்போல மென்மையாகச் சொன்னார்:

"ஓம் அண்ணை, நான்தான் சொன்னனான். பின்னை, அது நான் எண்டு நானே சொல்லுறதே?"